வாளியில் பிடித்த காற்று

2013-ஆம் ஆண்டில் சென்னைத் தண்டையார்பேட்டையின் சில வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரோடு எண்ணெயும் கலந்து வந்தபோது, அதன் நெடியை அறிய அங்குள்ளோர்க்கு எந்த நிபுணரும் தேவைப்படவில்லை. ஆனால் மூக்கின் சாட்சியம் அதிகார சபைகளில் செல்லுபடியாவதில்லையே! அங்கே கேட்பது அளந்தெடுத்த தரவு; அதை ஜனங்களே திரட்ட முடியுமா?

ஆராய்ச்சியின் முடிவுகளும் தரவுகளும் சகலருக்கும் எட்டவேண்டும், சாமானிய ஜனங்களும் அதில் பங்குகொள்ள வேண்டும் என்பதே, 2021 நவம்பரில் யுனெஸ்கோ அங்கீகரித்த 'திறந்த விஞ்ஞான'ப் பரிந்துரையின் சாராம்சம். அதற்கு வெகுகாலம் முன்பே, 2004-இல், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் சுற்றுவட்டாரக் கிராமவாசிகள் அதைச் செய்து காட்டினர். மூடியிட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு விசேஷப் பையைத் தொங்கவிட்டு, பைக்கு வெளியே வாளியிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால், நாற்றமடிக்கும் வெளிக்காற்று குழாய் வழியே தானாகவே பைக்குள் நிரம்பும். அதை முத்திரையிட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவில் 1995-இல் பிறந்த உபாயம் இது.

இன்று வடசென்னை மணலியின் காற்றுத் தரவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தில் யாரும் காணலாம். நுண்துகளுக்கு நம் நாட்டின் தினசரி வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வதோ 15. திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் கணித ஆசிரியர், கற்பனை எண்களை விடுத்து இந்தத் தரவுகளைக் கொண்டே சராசரியும் வரைபடமும் கற்பிப்பாரேயானால், அதைவிடச் சிறந்த விஞ்ஞானப் பிரசாரத்தை நான் அறியேன்.