மேசை மேல் மலைப்பாதை – 6: இடுப்பு மடங்கும் எஞ்சின்

நமுனுகுல மலையின் உயரம் 2036 மீட்டர். என் மாதிரி ரயில் பாதைக்காக 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 23 மீட்டருக்குக் குறையாது. நன்றாக வளர்ந்த தென்னை மர உயரம். என் மேசையோ மூன்று பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகையைச் சேர்த்து அடித்தது. மலையை வைக்கும் ஆசையை முதல் மாதமே விட்டுவிட்டேன்.

எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்கு இடமுண்டு. 91 மீட்டர் நீளம் ஒரு மீட்டர் சொச்சமாகிவிடும், 24 மீட்டர் உயரம் 28 சென்டிமீட்டராகும். ஆனால் அதன் மேல் ஓடுகிற பாதை அடங்காது. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த நம் கோச்சிப் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. சுருக்கினால் 19.3 மி.மீ. இந்த அளவு மாதிரிகளுக்குக் கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ. அது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்காகச் செய்தது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அதன் மேல் எஞ்சினை வைத்துப் பார்த்தால் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் யானை மாதிரி இருக்கும். வளைவு இன்னும் மோசம். மலையகப் பாதையின் இறுக்கமான வளைவுக்கு ஆரம் 5 சங்கிலி, ஏறத்தாழ 100 மீட்டர். மேசையில் அது 1.16 மீட்டர். லயத்துக் காம்பராவில் ஒரு முழு வட்டம் போட்டால் ஆள் படுக்க இடமிருக்காது.

அதனால்தான் ஒடுங்கிய பாதைப் பக்கம் போனேன். இலங்கையில் அப்படி இரண்டு இருந்தன, இரண்டும் 2 அடி 6 அங்குலம். ஒன்று களனிவெளிப் பாதை. 1902இல் அவிசாவளைக்கு வந்தது, பிறகு இரத்தினபுரி தாண்டி ஓப்பநாயக்க வரை நீண்டது. எஞ்சியிருந்த பகுதியை 1990களில் அகலப் பாதையாக்கினார்கள். மற்றது நானுஓயாவில் அகலப் பாதையை விட்டுப் பிரிந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போன உடப்புசல்லாவைப் பாதை. 1903இல் நுவரெலியாவையும் அடுத்த ஆண்டு ராகலையையும் தொட்டது, 1940களில் போய்விட்டது. எங்கள் பக்கம் ஒடுங்கிய கோச்சி வந்ததே இல்லை. இங்கே கொழுந்து மூட்டை கம்பியில் தொங்கிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கியது. ஆக நான் செய்வது பக்கத்து மாகாணத்து எஞ்சின்தான். எங்கள் பசறையில் இதைச் சொன்னால் ஊர்ப்பற்று இல்லாதவன் என்பார்கள்.

ஒடுங்கிய பாதைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76 மி.மீ. உலகமெங்கும் ‘என்’ அளவு ரயிலுக்கு விற்கும் தண்டவாளம் 9 மி.மீ. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. அகலப் பாதைக்குச் சொல்ல வேண்டிய பொய்யை இங்கே சொல்ல வேண்டியதில்லை. சக்கரம், மோட்டார், பல்சக்கரம் எல்லாம் அந்த அளவிலேயே ஆயத்தமாகக் கிடைக்கும். கீழே கடைச் சரக்கு, மேலே உள்ளதெல்லாம் நம் கை.

எந்த எஞ்சினைச் செய்வது? நான் தேர்ந்தது கேரட். நுவரெலியா என்று சொன்னதும் கேரட் என்றால் எல்லாருக்கும் கிழங்குதான் நினைவுக்கு வரும். இது ஹெர்பர்ட் வில்லியம் கேரட் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பெயர். நீளமான எஞ்சினுக்கு இழுவை உண்டு, ஆனால் வளைவில் திரும்பாது. குட்டை எஞ்சின் திரும்பும், ஆனால் ஏற்றத்தில் திணறும். அவர் இரண்டு குட்டை எஞ்சின்களை முன்னும் பின்னுமாக நிறுத்தி, ஒரே பாய்லரைப் பல்லக்கு மாதிரி இரண்டுக்கும் நடுவில் தொங்கவிட்டார். முன்னால் தண்ணீர்த் தொட்டி, பின்னால் நிலக்கரி. வளைவில் இரண்டு அடிச்சட்டங்களும் தனித்தனியே திரும்ப, பாய்லர் நேர்கோடாகக் குறுக்கே கிடக்கும். பாய்லருக்குக் கீழே சக்கரம் இல்லாததால் அதை எவ்வளவு பருமனாகவும் செய்யலாம். மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பனி 1909இல் முதல் இரண்டையும் செய்து அனுப்பியது டாஸ்மேனியாவுக்கு. அதுவும் 610 மி.மீ. ஒடுங்கிய பாதைதான். இலங்கையின் மலையக அகலப் பாதைக்கு 1927இல் ஒன்று வந்தது, 1945இல் எட்டு. நடுவே 1929இல், 762 மி.மீ. பாதைக்கென்று ஒரே ஒரு கேரட். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

வரைபடம் என்னிடம் இல்லை. இருந்தவை இரண்டு ஒளிப்பட நகல்கள், ஒன்று முன்பக்கம், ஒன்று பக்கவாட்டு. இது போதும். முன்பக்கப் படத்தில் தண்டவாளம் தெரிகிறது, அதன் அகலம் 762 என்பது நிச்சயம். படத்துக்குள்ளேயே அடிக்கோல் கிடக்கிற மாதிரி. அதை வைத்துப் புகைபோக்கியின் உயரத்தைக் கணக்கிடலாம். அந்த உயரத்தைப் பக்கவாட்டுப் படத்துக்குக் கொண்டுபோனால் அங்கே அதுவே அடிக்கோலாகி நீளத்தைக் கொடுக்கும். படம் சாய்வாக எடுத்ததாக இருந்தால் ஏமாந்துபோவோம். என் முதல் அட்டை மாதிரியில் தண்ணீர்த் தொட்டி அரை அங்குலம் நீண்டு, முதலை மாதிரி வாயை நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாதிரிதான் எஞ்சின் முகத்துக்கு வந்தது.

உடலுக்குத் தகரம். பழைய தேயிலைப் பெட்டியின் விளிம்பில் அடித்திருப்பார்களே, அந்தத் தகரப் பட்டை. மெல்லியது, ஏற்கெனவே வெள்ளீயம் பூசியது, சோல்டரிங் அயனைக் காட்டியதுமே ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். பித்தளைத் தகடு வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்கிறவர்களுக்கு இதை மனமாரச் சிபாரிசு செய்கிறேன். பாய்லர், உடைந்த குடையின் தண்டு. ரிவிட் தலைகளைத் தனியே ஒட்ட முடியாது. நிஜத்தில் ஓர் அங்குலத் தலை இங்கே 0.3 மி.மீ.தான். தகரத்தை ரப்பர் மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கமாக முனை மழுங்கிய காம்பஸ் ஊசியால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் நூற்றுப் பத்து. நூற்று ஒன்பதாவது கோணினால் தகடு குப்பைக்கு. எனக்கு அப்படி இரண்டு தகடு போனது. சக்கரங்களை இணைக்கும் தண்டு நான்கு வேண்டும். நான்கு பித்தளைப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஈயத்தால் ஒட்டி, ஒரே தடவையில் துளையிட்டு, பிறகு சூடுகாட்டிப் பிரித்தேன். அப்போதுதான் நான்கிலும் துளைகள் ஒரே தூரத்தில் இருக்கும்.

அடிச்சட்டங்கள் ‘என்’ அளவு நான்கு சக்கர மோட்டார்ச் சட்டங்கள், இரண்டு. கேரட்டின் ஒவ்வொரு பாதியிலும் இயக்கும் அச்சுகள் இரண்டே என்பதால் கச்சிதமாகப் பொருந்தின. முன்னும் பின்னும் ஓடும் சிறு சக்கரங்களை மட்டும் நான் சேர்த்தேன். சட்டங்களுக்கு மேலே பாய்லரைத் தொங்கவிட இரண்டு குத்தூசி. இவ்வளவும் சரியாகப் போயிற்று. கெட்டது கடைசியில்தான். தண்டவாளத்தில் ஒரு சட்டம் தூசியில் மாட்டினாலும் மற்றதிலிருந்து மின்சாரம் வரட்டுமே என்று இரண்டையும் வயரால் இணைத்தேன், சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. தண்டவாளத்தில் வைத்தேன். அசையவில்லை. பவர் பேக்கின் விளக்கு அணைந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு நூல் புகை. அது பாய்லரிலிருந்து வர வேண்டிய புகை அல்ல.

பக்கத்து லயத்து மாமா தோட்டத்து ஸ்டோரில் முப்பது வருஷம் பிட்டராக இருந்தவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

“தம்பி, பின்னால இருக்கிறத நீங்க திருப்பித்தானே வச்சிருக்கீங்க?”

“ஆமா மாமா.”

“அப்ப அதுக்கு வலது கை எந்தப் பக்கம்?”

அவ்வளவுதான். பின் சட்டம் திரும்பி நிற்கிறது. அதன் சிவப்புப் பக்கம் இப்போது மற்றத் தண்டவாளத்தில். சிவப்போடு சிவப்பை இணைத்து இரண்டு தண்டவாளங்களையும் நானே ஒட்டவைத்திருக்கிறேன். வயரை மாற்றிப் பிடித்தேன். நல்லவேளை, மோட்டார் பிழைத்தது.

பிறகு எடைப் பிரச்சினை. 40 தொன் எஞ்சினை 87இல் சுருக்கினால் எடை 87 மடங்கு குறையாது, 87ஐ மூன்று முறை பெருக்கிய அளவு குறையும். 61 கிராம்தான் மிஞ்சும். நிஜ எடையில் தண்டவாளத்தைக் கடித்துப் பிடிப்பது இங்கே வழுக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் கார்ச் சக்கரத்துக்கு ஒட்டும் ஈயக் கட்டியை நறுக்கி அடைத்தேன். வேகம் இன்னொரு தொல்லை. மணிக்கு 15 கி.மீ. என்பது மேசையில் விநாடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. கடை மோட்டார் பாய்ந்தோடத்தான் பழகியது. வோல்டேஜைக் குறைத்துக் குறைத்து, நத்தை வேகத்துக்குக் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. போன ஞாயிறு மாலை பெட்டி மூடி அளவேயான வளைவில் அது திரும்பியது. முன் பாதி உள்ளே சாய, பின் பாதி வெளியே நிற்க, குடைத் தண்டு மட்டும் நேராகக் குறுக்கே போனது. மாமா பீடியைப் பற்றவைக்க மறந்துவிட்டார்.

நிலக்கரி ஏற்றும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நான் கரித்தூள் இடித்துவைத்திருந்தேன். “இது எதுக்கு?” என்று ஒதுக்கிவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு சரை தேயிலை கொண்டுவந்தார். ஒரு மி.மீ. துணுக்கை 87ஆல் பெருக்கினால் 9 சென்டிமீட்டர். நிலக்கரிக் கட்டிக்குச் சரியான பருமன். டஸ்ட் தேயிலை போடலாமா என்று கேட்டேன். “டஸ்ட் பொடிக்கரி மாதிரித் தெரியும். பி.ஓ.பி.எப். போடுங்க” என்றார். சின்னக் கரண்டியால் குவித்து, நடுவில் மேடாக்கி, அதன் மேல் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

காலையில் பார்த்தால் பசை இறுகியிருந்தது. நிலக்கரித் தொட்டியின் நான்கு பக்கமும் சாயம் இறங்கி, முந்தின நாள்தான் பூசிய சாம்பல் நிற அடிப்பூச்சின் மேல் கோடுகோடாக வடிந்து, தண்டவாளம் வரை போயிருந்தது. காம்பரா முழுக்கத் தேத்தண்ணி வாசம்.