விசில் இல்லாத திடல்: பறக்கும் தட்டு ஆட்டத்தைக் கற்போம்



பள்ளியின் விளையாட்டுப் பொருள் அறையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். கூம்புகளுக்கும் காற்று போன பந்துகளுக்கும் அடியில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் தட்டுகள் கிடக்கும். ஃபிரிஸ்பீ என்போம். ரெண்டு பேர் எதிரெதிரே நின்று வீசிப் பிடிக்கிற பொழுதுபோக்கு என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அதே தட்டை வைத்து, பக்கத்துக்கு எழுவராக ஆடும் குழு விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் அல்டிமேட். உலகப் போட்டியில்கூட இதற்கு நடுவர் கிடையாது. தவறு நடந்தால் ஆட்டக்காரர்களே சொல்லி, அவர்களே பேசித் தீர்க்க வேண்டும். வீசக் கற்றுக்கொடுப்பது சுலபம். இதைக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஃபிரிஸ்பி என்றொரு பை தயாரிக்கும் கடை இருந்தது. அதன் காலித் தட்டுகளை மாணவர்கள் வீசி விளையாடியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாம்-ஓ நிறுவனம் 1957இல் பிளாஸ்டிக் தட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1968இல் நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட்டில், கொலம்பியா உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இதைக் குழு விளையாட்டாக மாற்றினார்கள். அவர்களில் ஒருவரான ஜோயல் சில்வர் பிற்காலத்தில் 'மேட்ரிக்ஸ்' படத்தின் தயாரிப்பாளர் ஆனார். பள்ளி மாணவர்கள் உண்டாக்கிய விளையாட்டு இது என்பதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2015இல் இதன் உலகச் சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் வழங்கியது.

ஆடும் முறை இதுதான். திடல் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழத்துக்குப் புள்ளிப் பகுதி இருக்கும். உங்கள் குழுவினர் வீசிய தட்டை எதிரணியின் புள்ளிப் பகுதிக்குள் நின்று பிடித்தால் ஒரு புள்ளி. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஒரு காலை ஊன்றி, மறு காலை மட்டும் திருப்பலாம்; வலைப்பந்து ஆடியவர்களுக்கு இது பழக்கம்தான். வீசுபவரைக் காவல் காப்பவர் சத்தமாகப் பத்து வரை எண்ணுவார். அதற்குள் வீசிவிட வேண்டும். தட்டு தரையில் விழுந்தாலோ, கோட்டுக்கு வெளியே போனாலோ, எதிரணி பறித்தாலோ ஆட்டம் கைமாறும். உடலோடு உடல் மோதுவது கூடாது. கலப்புப் பிரிவில் ஆண்களும் பெண்களும் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ஒரே குழுவில் ஆடுவார்கள்.

ஜோர்ஜ்டவுன் பள்ளிகள் பலவற்றில் அவ்வளவு பெரிய திடலுக்கு எங்கே போவது? கவலை வேண்டாம். கடற்கரை ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐவர்தான். இடம் 75க்கு 25 மீட்டர் போதும். அதுவும் இல்லையென்றால் கூடைப்பந்துத் தளத்தில் நாலுக்கு நாலு ஆடவிடலாம்.

இனி வீச்சு. முதலில் பின்கை வீச்சைப் பழக்குங்கள். கட்டைவிரல் தட்டின் மேலே, மற்ற நான்கு விரல்களும் விளிம்புக்கு உள்ளே. கையை உடலுக்குக் குறுக்கே கொண்டு போய், கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்ட வேண்டும். தோள் பலம் இங்கே முக்கியமில்லை. நம்ம கடை அண்ணன் ரொட்டி சானாய் மாவை வீசுவதைக் கவனித்திருப்பீர்கள். வேலை முழுக்க மணிக்கட்டில்தானே! தட்டு சுழன்றால்தான் பறக்கும். காற்று அதை மேலே தாங்குகிறது, சுழற்சி அதைக் கவிழாமல் வைத்திருக்கிறது, சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பது மாதிரி. வலக்கையர் பின்கையில் வீசிய தட்டு, வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். அதைக் கணக்கில் வைத்து வீசச் சொல்லுங்கள்.

முன்கை வீச்சுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விளிம்பின் உட்புறம் அழுந்தியிருக்க, முழங்கை இடுப்போரம் நிற்க வேண்டும். இது கைவர இரண்டு மூன்று வாரம் ஆகும். பிடிப்பதற்கு ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்து, கைதட்டுவது போல் அமுக்கிப் பிடிப்பதே பாதுகாப்பு. காற்றை மறந்துவிடாதீர்கள். பாடாங் கோத்தா லாமாவில் மாலையில் நின்றவர்களுக்குக் கடல் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும். எதிர்க்காற்று தட்டை மேலே தூக்கிவிடும். தாழ்வாக, கூடுதல் சுழற்சியோடு வீச வேண்டும்.

இப்போது விசில் விஷயம். எங்கள் பள்ளியில் தொடங்கிய நான்காவது வாரம், படிவம் 2 மாணவர்கள் இருவர் "தொட்டுட்ட", "இல்ல, தொடல" என்று மல்லுக்கு நின்றார்கள். பழக்க தோஷம், விசிலை ஊதித் தீர்ப்பு சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு மோதலுக்கும் எல்லாக் கண்களும் என்னையே பார்த்தன. மறு வாரம் விசிலை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்று பாதி நேரம் சண்டையிலேயே போனது, உண்மை. பிறகு விதிநூலில் உள்ளதை எளிமையாக்கிச் சொன்னேன்: தவறைக் கண்டவர் நிறுத்திச் சொல்லலாம். மற்றவர் ஒப்புக்கொண்டால் அப்படியே. மறுத்தால், ரெண்டு பேரும் தான் கண்டதை ஒரு வாக்கியத்தில் சொல்லணும். அப்பவும் ஒத்துவரலையா? தட்டு முன்பு வீசியவரிடமே திரும்பிப் போகும். யார் பொய் சொன்னார் என்ற கேள்வியே அங்கே எழாது.

ஒரு சனிக்கிழமை கடைசிப் புள்ளிக்கான ஆட்டம். ஒரு மாணவி ஓரத்தில் பாய்ந்து பிடித்தாள். அவளுடைய அணி கூச்சலிட்டுக் கொண்டாடியது. அவள் மட்டும், "டீச்சர், என் கால் கோட்டுல பட்டுச்சு" என்றாள். எல்லைக்கோட்டை மிதித்தால் வெளியே என்பது விதி. தட்டு கைமாறியது, அவள் அணி தோற்றது. வீட்டுக்குப் போகும் வரை தோழிகள் அவளோடு பேசவில்லை. அடுத்த வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அன்று நான் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்; சொல்லாமல் விட்டது என் தவறு.

இந்த விளையாட்டில் அதற்கான ஏற்பாடு முன்பே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கலந்து வட்டமாக நின்று பேசுவார்கள். பிறகு ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு விளையாட்டு நெறிப் புள்ளி போடும்: விதி அறிவு, உடல் மோதலைத் தவிர்த்தல், நியாய உணர்வு, நல்ல மனப்பாங்கு, பேச்சுத் தொடர்பு என ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நான் அந்த வட்டத்தை நேரமில்லை என்று தவிர்த்து வந்திருந்தேன். இப்போது தவிர்ப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி வந்தாள். வட்டத்தில் அவளைப் பற்றி முதலில் பேசியது எதிரணிப் பையன்.

"பெரியவர்களுக்கே முடியுமா இது?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய தொழில்முறைத் தொடர் நடுவர்களை வைத்துக்கொண்டது. எல்லாரும் ஒத்துப்போகவில்லை என்பதை மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். நல்ல விவாதத் தலைப்பு அது. மறுபக்கம் சென்னையைப் பாருங்கள். அங்கே கடற்கரை மணலில், மீனவக் குடியிருப்புப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஆணும் பெண்ணுமாக ஒரே அணியில் ஆடுகிறார்கள். அந்நகரின் ஃபிளை வைல்ட் அணியைப் பற்றிய '175 கிராம்ஸ்' என்ற குறும்படம் 2015இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. போட்டித் தட்டின் எடைதான் படத்தின் பெயர். தமிழ் பேசும் ஆட்டக்காரர்களைத் திரையில் பார்க்கும்போது நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடும்.

எஸ்.பி.எம். மாணவர்களே, உங்களுக்கு ஒரு சொல். பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருப்பது உங்களுக்குத் தெரியும். அதைவிட, கட்டுரைத் தாளுக்கு இது உதவும். "விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கிறது" என்ற வாக்கியம் எல்லார் தாளிலும் இருக்கும். கோட்டில் கால் பட்டதைத் தானே சொன்ன ஒருவரைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். திருத்துபவர் பேனாவை நிறுத்திப் படிப்பார்.

தட்டு வாங்கும்போது 175 கிராம் எடையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடைகளில் கிடைக்கும் மெல்லிய பொம்மைத் தட்டு காற்றில் அலையும். வாங்கியதைக் காருக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள். வளைந்துவிட்டால் நேராகப் பறக்காது.