பெயர் மாறிய ஸ்டேஷனும் முகவரி மாறிய பக்கமும்

முகல்சராய் ஸ்டேஷனுக்கு 2018-இல் பண்டித தீனதயாள் உபாத்யாய ஜங்ஷன் என்று பெயர் மாறியது. எம்.ஜி.எஸ். என்ற குறியீடும் டி.டி.யு. ஆயிற்று. கால அட்டவணையில் இப்போது புதிய பெயர்தான். ஆனால் கவுண்ட்டரில் ஒரு பெரியவர் "முகல்சராய்க்கு ஒண்ணு" என்றால் கிளார்க் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். அட்டவணையில் ஒரு பெயர், கிளார்க்கின் மனத்தில் இரண்டு பெயர்.

ரயில்வேயில் ஓய்வு பெற்று, சாந்தன்பாறையில் ஏலக்காட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் அடியேனுக்கு இது தெரியாததல்ல. தெரிந்திருந்தும் நம் சங்கத்தின் இணையதள விஷயத்தில் கோட்டை விட்டேன்.

சென்ற ஆண்டு தளத்தைப் புதிய முகவரிக்கு மாற்றினோம். பழைய பக்கத்தைத் தேடி வருவோர் தானாகப் புதிய பக்கத்துக்குப் போகும்படி, தளத்தைக் கவனிக்கும் தம்பி சர்வரில் 301 என்னும் நிரந்தர ரீடைரக்ட் போட்டார். ஆனால் சைட்மேப்பில் பழைய முகவரிகளும் தங்கிவிட்டன. சைட்மேப் என்பது தேடுபொறிகளுக்கு நாம் கொடுக்கும் கால அட்டவணை. கூகுள் 2005-இல் தொடங்கியதை, 2006-இல் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். நமக்கு நூறைத் தாண்டவில்லை!

கூகுளின் சர்ச் கன்சோலில் 'ரீடைரக்ட் உள்ள பக்கம்' என்று வரிசையாக வந்து நின்றது. குற்றப்பத்திரிகை என்று பயந்து, "ரீடைரக்டையெல்லாம் எடுத்துவிடு தம்பி" என்றேன். "அது வெறும் தகவல்தான் சார், பட்டியலைத் திருத்தினால் போதும்" என்றார் அவர். வயதில் மூத்தவன் பேச்சுத்தான் எடுபட்டது.

இரண்டே வாரம். துபாயிலிருந்து நம் உறுப்பினர் ஒருவர் போன் செய்தார். அவருடைய தகப்பனார் தேனி ஆஸ்பத்திரியில், ரத்தம் வேண்டும். எப்போதோ வாட்ஸ்அப்பில் வந்த நம் ரத்ததானப் பட்டியலின் இணைப்பை அழுத்தினால், 404, பக்கம் இல்லை. பூப்பாறை நண்பர் ஒருவர் மூலம் அன்று ஆள் கிடைத்தது. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாளே ரீடைரக்டுகளைத் திரும்பப் போட்டோம். சைட்மேப்பிலிருந்து பழைய முகவரிகளை நீக்கி, நேராகத் திறக்கும் பக்கங்களை மட்டும் வைத்தோம். ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தவரை நீட்டிப்பது நல்லதாம். செலவில்லாத காரியம், நாம் எடுப்பதாகவே இல்லை.

இன்னொரு கோளாறும் அகப்பட்டது. சில பக்கங்கள் முன்பே ஒரு தடவை இடம் மாறியவை. பழையதிலிருந்து நடுவிலொன்று, அங்கிருந்து புதியது என்று இரண்டு தாவல். கூகுள் பத்துத் தாவல் வரை பின்தொடரும் என்றாலும், போடிக்குப் போகிறவனை மதுரை சுற்றி அனுப்புவானேன்? எல்லாவற்றையும் நேரே புதிய பக்கத்துக்குத் திருப்பினோம். பக்கங்களுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் இணைப்புகளையும் புதுப்பித்தாயிற்று.

சில நாளைக்கு மட்டும் வேறிடம் அனுப்பும் 302 வேறு ரகம். பக்கம் திரும்பி வரப்போவதால் அதன் பழைய முகவரியே பட்டியலில் இருக்கலாம்.

நம் பழைய இதழ்களில் அச்சான முகவரி ஏதேனும் இன்னும் திறக்காவிட்டால், சங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். தம்பியிடம் சொல்லிச் சரி செய்கிறேன்; இந்த முறை அவர் சொல்வதைக் கேட்டுத்தான்.