கழற்றி மாட்டிய கட்டடம்

தெம்பனிஸ் நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால், ரயில் மாறாமலே தெலுக் ஆயர் நிலையம் போய்ச் சேரலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் லாவ் பா சாட். சாத்தே சாப்பிடப் போயிருப்பீர்கள். அடுத்த முறை சற்று அண்ணாந்து பாருங்கள்.

எண்கோண வடிவிலான இந்தச் சந்தை, விக்டோரியா அரசியார் காலத்தில், 1894ல் எழுந்தது. வடிவமைத்தவர் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி. மெக்ரிட்சி நீர்த்தேக்கம் அவர் பெயரைத்தான் தாங்கியுள்ளது. இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டு, கப்பலில் வந்தன.

உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றினால் வார்ப்பிரும்பு கிடைக்கும். ஒரே அச்சு வடிவத்தில் எத்தனை தூண்கள் வேண்டுமானாலும் செய்யலாம். பூவேலைப்பாடும் வார்ப்பிலேயே வந்துவிடும்.

ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. வகுப்பறைச் சாக்கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் பிடித்து நேராக அமுக்கினால் தாங்கும். வளைத்தால் பட்டென்று உடையும். வார்ப்பிரும்பும் அப்படித்தான். அதில் 2 முதல் 4 விழுக்காடு கரிமம் உள்ளது. அதில் பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவியிருக்கும். இழுக்கும்போது அச்செதில்களின் ஓரத்தில் விரிசல் தொடங்கும். அமுக்கும்போது விரிசல் திறக்காது. கூரையின் எடை தூணைக் கீழ்நோக்கி அமுக்குவதால், தூணுக்கு அது ஏற்ற பொருள்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் 1879ல் புயற்காற்றில் சரிந்தது. பாலத்தில் சென்றுகொண்டிருந்த ரயிலும் ஆற்றில் விழுந்தது. பயணிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. இழுவிசைக்கு உள்ளான வார்ப்பிரும்பு இணைப்புகள் முறிந்தது முக்கியக் காரணம்.

லாவ் பா சாட்டுக்கும் ஒரு சோதனை வந்தது. 1980களில் எம்ஆர்டி சுரங்கம் தோண்டும் பணி அதன் அருகே வந்தது. அதிர்வில் பழைய இரும்பு விரிசல் விடலாம். 1973லேயே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடம் அது. என்ன செய்வது?

1986ல் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். சுரங்கப் பணி முடிந்தபின், 1989ல் அதே இடத்தில் மீண்டும் பொருத்தினார்கள். இரும்புப் பகுதிகள் தனித்தனியே வார்க்கப்பட்டு இணைக்கப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய சுவரை இப்படிப் பிரித்துச் சேர்ப்பது மிகக் கடினம்.

ஆகவே, ஒரு கட்டடத்தைப் பார்க்கும்போது அதன் அழகோடு அதன் இணைப்புகளையும் பாருங்கள். உங்கள் தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டை ஒருநாள் கழற்றி மாட்ட வேண்டுமென்றால், அதை எப்படிக் கட்டியிருக்க வேண்டும்? யோசித்துப் பாருங்கள்.