மரத்துக்கு வந்த காதல் கடிதம்... பதில் போட்டது மாநகராட்சி!

உங்கள் தெருமுனை வேப்பமரத்துக்கு நீங்கள் கடிதம் எழுதினால் மரமே பதில் போடும் என்றால் நம்புவீர்களா? ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் அது நடந்தது! 2013 வாக்கில் அந்த மாநகராட்சி, நகரத்து மரங்கள் சுமார் 70,000-க்கும் தனித்தனி எண் கொடுத்து, மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. கிளை முறிந்து தொங்கினால் ஜனங்கள் சட்டென்று புகார் சொல்லட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வந்து குவிந்தவை? காதல் கடிதங்கள், நலம் விசாரிப்புகள், "தினமும் உன்னைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன்" ரகத்து உருகல்கள்! அதைவிட ஆச்சரியம், அலுவலர்கள் சில கடிதங்களுக்கு மரத்தின் குரலிலேயே பதில் எழுதினார்கள் என்பது. மக்கள் தொடர்பு என்றால் ரிப்பன் வெட்டும் படமும் பத்திரிகைக் குறிப்பும்தான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் மேயராக இருந்த அண்டானாஸ் மோக்கஸ் 1990-களில் என்ன செய்தார் தெரியுமா? சாலை விதியை மீறுகிறவர்களைக் கிண்டல் பண்ண, முகத்தில் வெள்ளை பூசிய ஊமைக்கூத்துக் கலைஞர்களைத் தெருவில் இறக்கிவிட்டார்! தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது தொலைக்காட்சியில் தானே குளித்துக் காட்டினார். சோப்புப் போடும்போது குழாயை மூடினார், அவ்வளவுதான் பாடம். நம் ஊரில் இப்படி ஒரு மேயரைக் கற்பனை செய்து பாருங்கள்... சரி, வேண்டாம்.

இதற்கெல்லாம் வெளிநாடு போவானேன்? காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்கு வாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ஊர்தான். ஆனால் பாடப்புத்தகம் விட்டுவிட்ட ஒரு காட்சி இருக்கிறது. குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் ஏந்த வேண்டும்! விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா? அவர் பெயரை வாசித்ததும், அங்கே கூடியிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்கள்) எல்லோரும் அதே ஓலையை மறுபடி வாசிப்பார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. அவருடைய உறவினருக்கும் அதே கதிதான்! இத்தனையும் கோயில் சுவரில், ஊரறிய. இப்போதைய ஒப்பந்தப்புள்ளிகளை நினைத்தால் அந்த விரித்த கை மீது தனி மரியாதையே வருகிறது.

சரி, ஊருக்குச் சேதி சொல்லப் பறையடிக்கும் தண்டோரா? 2022-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அந்த வழக்கத்தைக் கைவிடும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி இருக்கும்போது, ஒரு சாதியின் தோளில் எதற்குப் பறையை மாட்ட வேண்டும்? எப்போதோ எடுத்திருக்க வேண்டிய முடிவு.

புகார் சொல்ல? சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது 1913-ல். மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணும் 1913!

கடைசியாக ஒரு 'கோரம்' சமாச்சாரம். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 2022-ல்தான் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்தன. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் கோரத்துக்குக் குறைந்தது 100 பேர் வந்தாக வேண்டும். ஒரு ஊராட்சி அலுவலகச் சுவரில் இந்தக் கூட்ட அறிவிப்பைத் தேடினேன். ஒட்டித்தான் இருந்தார்கள், குறை சொல்ல முடியாது. தேதியும் நேரமும் இருந்த வரியின் மேல் ஒரு மஞ்சள் நீராட்டு விழா சுவரொட்டி. கூட்டம் எப்போது என்று கடைசி வரை தெரியவில்லை. விழா காலை 10 மணிக்கு, அனைவரும் வருக என்று மட்டும் பளிச்சென்று தெரிந்தது.