தோளைக் கட்டிக் காக்கும் நார்கள்

பாபநாசத்தின் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். அறுவடை இயந்திரங்கள் வருமுன் டெல்டாவின் களங்களில் உழவர்கள் கதிர்க்கட்டைத் தலைக்குமேல் ஓங்கித் தரையில் அடித்தே நெல்லைப் பிரித்தனர். ஓங்கிய அக்கணத்தில் கை உயர்ந்து, பின்சாய்ந்து, வெளிப்புறம் திரும்பியிருக்கும். தோள்மூட்டு முன்புறமாக விலகுவதற்கு மிகவும் ஏதுவான நிலை அதுவே. ஆயினும் நாளெல்லாம் ஓங்கிய தோள்கள் விலகாமல் நின்றன. எவ்வாறு?

எலும்பின் உதவி அங்கே மிகக் குறைவு. இடுப்பு மூட்டில் பந்து ஆழ்ந்த கிண்ணத்துள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ, மேற்கை எலும்பின் உருண்ட தலை, தன் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஏந்தாத ஆழமற்ற குழியில் ஒட்டி நிற்கிறது. குழியின் விளிம்பைச் சுற்றியோடும் நார்வளையம் அதற்குச் சற்று ஆழம் தருகிறது. இரண்டையும் சூழ்ந்திருப்பது மூட்டுறை. அவ்வுறையின் தடித்த பட்டைகளே இணைப்பு நார்கள்.

இவ்வுறை இறுக்கமானதன்று என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கை இயல்பாக அசையும்போது அது தளர்ந்தே கிடக்கிறது. அப்போது எலும்பைக் குழியோடு அழுத்திப் பிடிப்பவை சுற்றியுள்ள தசைகள். உறைக்குள் நிலவும் குறைந்த அழுத்தமும் துணைநிற்கிறது. இறந்த உடலில் உறையைத் துளைத்துக் காற்றைப் புகவிட்டால் எலும்பின் தலை கீழே நழுவுவதைக் காணலாம். அசைவு தன் எல்லையை நெருங்கும்போதுதான் நார்கள் விறைக்கின்றன. அதிலும் முறை வைத்துக் காவல்: கை தொங்கும்போது மேல்நார், பாதி உயர்ந்தால் நடுநார், தோளுயரம் வந்து வெளிப்புறம் திரும்பினால் கீழ்நார். கதிரடிப்பவரின் ஓங்கிய கையைக் காத்தது, எலும்பின் தலையைத் தூளிபோல் கீழிருந்து ஏந்தும் இக்கீழ்நாரே.

தோள் விலகும்போது பெரும்பாலும் இந்நார் விளிம்பு வளையத்தோடு பெயர்ந்துவிடுகிறது. மூட்டைச் சரிசெய்த பின்னும் பெயர்ந்தது பழைய இடத்தில் ஒட்டுவது அரிது. இருபது வயதுக்குள் ஒருமுறை விலகியோரில் பெரும்பாலோருக்கு அது மீண்டும் விலகுவது இதனால்தான்.

இத்தொல்லையைக் குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல்காஸிம் அல்ஸஹ்ராவி நன்கறிந்திருந்தார். சுமார் கி.பி. 1000-இல் நிறைவுற்ற ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில், அடிக்கடி விலகும் தோளை முதலில் பொருத்திவிட்டு, அக்குளின் தோலைத் தூக்கிப் பிடித்து இருமுனைச் சூட்டுக்கோலால் சுடும் முறையை விவரிக்கிறார். இதனை முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என்பது மிகை. தழும்பு இறுகினால் எலும்பு நழுவும் வழி அடைபடும் என ஹிப்போகிராட்டஸின் மரபு முன்பே கருதியது. சுட்ட இடம் கீழ்நாருக்கு அருகே அமைந்தது வியப்புக்குரியது. ஆனால் பெயர்ந்த நாரைச் சூடு ஒட்டாது. அந்நாரே குறை என்பதை 1923-இல் லண்டனின் பாங்கார்ட் வலியுறுத்தி, அதனை விளிம்போடு தைத்தார். 1990-களில் மூட்டுறையை வெப்பத்தால் சுருக்கும் முறை மீண்டும் தலைகாட்டியது. சுருங்கிய உறை பலருக்குத் தளர்ந்தது. சிலருக்குக் குருத்தெலும்பே அழிந்தது. மருத்துவர்கள் அதனைக் கைவிட்டனர்.

இன்று களத்தில் கதிரடிப்போர் அருகிவிட்டனர். மூட்டை சுமப்போரும் கபடி ஆடும் இளைஞரும் உள்ளனர். விலகிய கையை அருகிலிருப்பவர் இழுத்துவிட, வலி தணிந்ததும் குணமாயிற்று என எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு இழுப்பதில் அக்குளின் நரம்பும் இரத்தக்குழாயும் காயமுறலாம். மீண்டும் மீண்டும் விலகும் தோளில் குழியின் முன்விளிம்பு எலும்பும் தேய்கிறது. அது பெரிதும் தேய்ந்தபின் நாரை மட்டும் தைப்பது போதாது. அருகிலுள்ள எலும்பின் துண்டொன்றை எடுத்து அங்கே பொருத்த நேர்கிறது.