ஓய்வும் உரிமையே: தலித் கலைஞர்களின் பணிச்சோர்வை எவ்வாறு புரிந்துகொள்வது?

ஏப்ரல் 14 நெருங்கும்போது பறையிசைக் குழுக்களுக்கும் பாடகர்களுக்கும் ஓவியர்களுக்கும் அழைப்புகள் குவிகின்றன. ஒரே இரவில் இரண்டு ஊர் மேடைகள், விடிவதற்குள் முடிக்க வேண்டிய சுவரோவியம், மறுநாள் காலை இன்னொரு மாவட்டத்தில் பயிற்சிப் பட்டறை. அழைப்பவர்கள் பெரும்பாலும் தோழர்கள் என்பதால் மறுக்க மனம் வருவதில்லை. சில ஆண்டுகள் இப்படி ஓடிய பிறகு கலைஞருக்குப் பறையைத் தொடவே விருப்பமில்லாமல் போகிறது. இதனைச் சோம்பல் என்றோ கொள்கைத் தளர்ச்சி என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். இரண்டும் தவறு.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 'பர்ன் அவுட்' எனப்படும் பணிச்சோர்வுக்கு மூன்று கூறுகளைக் குறிப்பிடுகிறது: ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் தொழிலின் மீது விலகலும் கசப்பும், செயல்திறன் குறைந்த உணர்வு. இதனை அது நோயாகக் கொள்ளவில்லை. உரிய முறையில் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவாகவே வகைப்படுத்துகிறது. ஆகவே, காரணத்தைக் கலைஞரின் மனவலிமையில் தேடுவதற்கு முன் அவரது பணிச்சூழலில் தேட வேண்டும்.

மறுக்க முடியாமை எங்கிருந்து வருகிறது?

முதற்காரணம் வருமானம். அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது கொண்டுவரப்பட்ட 1946ஆம் ஆண்டுத் திருத்தம், ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையையும் மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியத்தையும் உறுதிசெய்தது. தனித்தியங்கும் கலைஞருக்கு நிலையான முதலாளி இல்லை. ஆகவே இந்தப் பாதுகாப்புகளும் இல்லை. இன்று மறுத்தால் நாளை அழைக்கமாட்டார்கள் என்னும் அச்சமே அவரது வேலை நேரத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது காரணம் வரலாறு. கூலியில்லா உழைப்பைக் குறிக்கும் 'வெட்டி' என்னும் சொல் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே காணப்படுகிறது. சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிப்பது ஊழியமாகச் சுமத்தப்பட்டது. அதற்குக் கிடைத்தது 'ஊர் கொடுத்ததே' தவிர, பேசி முடிவுசெய்த கூலியன்று. கட்டணம் கேட்கும் தலித் கலைஞரைத் திமிர் பிடித்தவராகப் பார்க்கும் பார்வை அங்கிருந்தே வருகிறது.

மூன்றாவது காரணத்தை நாம்தான் பேச வேண்டும். 'நம்ம நிகழ்ச்சிதானே தோழர்' என்ற ஒரு வாக்கியம் கட்டணப் பேச்சையே முடித்துவிடுகிறது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்பணம் கொடுக்கும் விழாக்குழு, கலைஞரிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்க்கிறது. இதனை வெட்டியோடு சமப்படுத்துவது மிகை. ஆனால், தலித் உழைப்புக்கு விலையில்லை என்ற பழைய எண்ணத்தை இந்தப் பழக்கம் கலைப்பதில்லை.

சட்டம் தரும் பிடிமானம்

அரசமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. பொருளாதார நெருக்கடியால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க நேர்வதும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பறையடிக்குமாறு ஊர் கட்டாயப்படுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவை நாடலாம்.

தானாக ஒப்புக்கொண்ட வேலைக்கு வேறு வழி உண்டு. வராத பாக்கியே அடுத்த வேலையையும் ஏற்கச் செய்கிறது என்பதால் இது முக்கியமானது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பயனை ஒருவர் அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குத் தொடர மூன்றாண்டு அவகாசம் உண்டு. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும்; ஆயினும் அதனை மெய்ப்பிக்க வாட்ஸ்அப் செய்தி உதவும்.

என்ன செய்யலாம்?

அழைப்பு வந்த உடனே 'சரி' சொல்லாமல் மறுநாள் பதில் தருவது முதற்படி. கட்டணம், முன்பணம், நேரம், பயணச் செலவு ஆகிய நான்கையும் செய்தியாக அனுப்பி ஒப்புதல் பெறலாம். கட்டணமின்றி ஆண்டுக்கு எத்தனை மேடைகள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தால், ஒவ்வொரு முறையும் குற்றவுணர்வோடு போராட வேண்டியதில்லை. மிஞ்சும் அழைப்புகளை இளைய குழுக்களுக்குக் கைமாற்றலாம். உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ தயங்காமல் அணுக வேண்டும்.

ஆனால், பொறுப்பு முழுவதையும் கலைஞர் மீது சுமத்த முடியாது. விழாக்குழுக்கள் வரவுசெலவில் கலைஞர் ஊதியத்தை முதல் வரியாக எழுத வேண்டும். நிகழ்ச்சி முடிந்த இரவே அதனைக் கொடுக்க வேண்டும். வர இயலாது என்பவரைத் துரோகியாகப் பார்க்காதிருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலைக்காக வாதாடிய தலைவரின் பிறந்தநாளை, உறக்கமற்ற கலைஞர்களைக் கொண்டு கொண்டாடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.